பூட்ஸுக்குள் வைத்த காசு

அன்புள்ள அக்கா,

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறேன். மருத்துவமனையில் வேலை. டியூட்டி இல்லாத சனிக்கிழமைகளில் பக்கத்து ஊர் மைதானங்களுக்குப் போய் நின்று கால்பந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. டிவியில் வரும் பெரிய ஆட்டங்கள் இல்லை. ‘நார்தர்ன் லீக்’ என்று ஒரு வட்டார லீக். 1889-இல் தொடங்கியது. அதைவிட ஒரு வயது மூத்தது இங்கிலாந்தின் பெரிய ஃபுட்பால் லீக் ஒன்றுதான். பிஷப் ஆக்லண்ட், குரூக், வெஸ்ட் ஆக்லண்ட் என்று நிலக்கரிச் சுரங்கப் பக்கத்து ஊர்களின் அணிகள் பேர் வாங்கிய இடம். இன்றைக்கு முந்நூறு பேர் வந்தாலே நல்ல கூட்டம் என்கிறார்கள்.

இந்த லீகின் கதையைத் தமிழில் தொடராக எழுத ஆசை. ‘காசு தீண்டாத கால்பந்து’ என்று தலைப்பும் யோசித்துவிட்டேன். ஒரு வீரருக்கு நூற்றுக்கணக்கான கோடி கொடுக்கும் இந்தக் காலத்தில், ஒரு பென்னிகூட வாங்காமல் ஊர்ப்பெருமைக்காக மட்டும் ஆடிய அந்தத் தொழிலாளிகளின் தூய்மையை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. மூன்று சந்தேகங்கள். ஆண்டு வரிசையில் எழுதுவதா, அணிவாரியாக எழுதுவதா? தமிழ் வாசகர்களுக்கும் இதற்கும் என்ன ஒட்டு உறவு? வெஸ்ட் ஆக்லண்ட் 1909-இல் இத்தாலிக்குப் போய் வென்ற கோப்பையை ‘முதல் உலகக் கோப்பை’ என்று எழுதினால் தப்பா?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
டர்ஹாமிலிருந்து ஒரு தம்பி

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் நான் தேயிலை முதலாளி தாமஸ் லிப்டனைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மூன்றாவது சந்தேகத்தில் சொல்லும் கோப்பையைக் கொடுத்தவர் அந்த ஆள்தான். வென்ற ஊரை எழுதியிருக்கிறீர்கள், வென்ற ஆண்டை எழுதியிருக்கிறீர்கள், கொடுத்தவர் பெயரை மட்டும் விட்டுவிட்டீர்கள். விட்டுவிட்டு, தமிழ் வாசகருக்கு இதில் என்ன ஒட்டு உறவு என்று என்னிடமே கேட்கிறீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிற எங்கள் சனம் உங்கள் தொடரைப் படித்தால் என்ன நினைக்கும்?

கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்துப் பெரிய ஆளான லிப்டன் 1890-இல் இலங்கைக்கு வந்து, ஊவா மலையில் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். காப்பிப் பயிர் நோயில் அழிந்து தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த காலம். தம்பதென்ன தொழிற்சாலை இன்றைக்கும் ஓடுகிறது. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு, நடுவில் தரகர் கிடையாது என்று விளம்பரம் செய்தார். நடுவில் யாருமே இல்லையா என்ன? திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணி கூட்டிக்கொண்டு போன ஆட்கள் இருந்தார்கள். லயம் என்கிற வரிசை வீட்டின் பத்தடிக் காம்பராவில் குடும்பத்தோடு கிடந்து, விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வந்து நின்றவர்கள். அந்தப் பணத்தில் அவர் உல்லாசப் படகுகள் கட்டினார், ராஜாக்களோடு சிநேகம் வைத்துக்கொண்டார், போகிற ஊரெல்லாம் கோப்பை கொடுத்தார். தான் ஆசைப்பட்ட அமெரிக்கா கோப்பைப் படகுப் போட்டியில் மட்டும் ஐந்து முறை முயன்று ஐந்து முறையும் தோற்றார் என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் பிறந்தது அதே ஹப்புத்தளை மலையின் அந்தப் பக்கத்துச் சரிவில், வேறொரு தோட்டத்தில். லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடம் என்று இப்போது சுற்றுலாக்காரர்கள் ஏறிப் படம் எடுக்கிறார்களே, அந்த முகடு எங்களுக்குக் கிழக்கே இருந்தது. ஆக, உங்கள் இரண்டாவது சந்தேகம் இத்தோடு தீர்ந்தது. டர்ஹாமில் நிலக்கரி வெட்டியவர்கள் ஆடி வென்ற கோப்பை, ஹப்புத்தளையில் கொழுந்து பறித்தவர்களின் உழைப்பில் செய்யப்பட்டது. இதைவிட என்ன ஒட்டு உறவு வேண்டும் உங்களுக்கு?

முதல் உலகக் கோப்பையா என்ற கேள்வியில் எனக்கு ருசி இல்லை. இத்தாலியின் டூரினில் நாலு அணி ஆடின. ஜெர்மனியிலிருந்து ஸ்டுட்கார்ட்காரர்கள், சுவிட்சர்லாந்திலிருந்து விண்டர்தூர், உள்ளூர் இத்தாலிய அணி, அப்புறம் வெஸ்ட் ஆக்லண்ட். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டதால் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வாய்ப்பு வந்தது. ஸ்டுட்கார்ட்டை 2-0, இறுதியில் விண்டர்தூரை 2-0. மறுபடி 1911-இல் போய் யுவென்டஸை 6-1 என்று அடித்தார்கள். இரண்டு முறை வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தம். உலகக் கோப்பை என்று எழுதினால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள், எழுதாவிட்டாலும் 6-1 குறையாது. லிப்டன் அழைக்க நினைத்தது லண்டன் அணியான உல்விச் ஆர்சனலை, இரண்டு பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக இருந்ததால் அழைப்பு ஊர் மாறிப் போய்விட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். நம்பும்படி இல்லை. இருந்தாலும் நீங்கள் எழுதத்தான் போகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள் தலைப்பின் மேல்தான். ‘காசு தீண்டாத கால்பந்து.’

யார் சொன்னார்கள் தீண்டவில்லை என்று? வெஸ்ட் ஆக்லண்ட் கோப்பைக்கு அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று அந்த ஊரில் யாரையும் கேட்கவில்லையா? 1911-இல் இத்தாலி போய்வந்த செலவில் அணி கடனாளி ஆனது. ஊரில் வீட்ஷீஃப் என்ற மதுவிடுதியை நடத்திய அம்மாளிடம் 40 பவுண்டுக்குக் கோப்பை அடகுபோல் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பாவின் பெரிய அணியை ஆறு கோல் அடித்துக் கொண்டுவந்த கோப்பை சுமார் ஐம்பது வருடம் அந்த அம்மாளிடம் இருந்தது. 1960-இல் 100 பவுண்டு கொடுத்துத்தான் ஊர்க்காரர்கள் மீட்டார்கள். 1994-இல் தொழிலாளர் கிளப்பிலிருந்து அது திருடு போனது, இப்போது இருப்பது அதைப் பார்த்துச் செய்த இன்னொன்று. முதலிலிருந்து கடைசிவரை காசுக் கதைதான் தம்பி. காசு தீண்டியது மட்டுமா, கழுத்தைப் பிடித்தது.

காசு வாங்காமல் ஆடுவது உயர்ந்தது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? சுரங்கத்திலிருந்து வரவில்லை. ஆட்டத்துக்கு விதி எழுதியவர்கள் பெரிய வீட்டுப் பிள்ளைகள், பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள். கொரிந்தியன்ஸ் என்று அவர்களுக்கு ஓர் அணி இருந்தது. பெனால்டி என்ற விதி வந்தபோது, ‘கனவான் ஒருவன் வேண்டுமென்றே தப்பு செய்வான் என்று எண்ணுவதே அவமானம்’ என்று, தங்கள் கோல் கீப்பரை ஒதுங்கி நிற்கச் சொன்ன அணி என்று பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அந்தக் கீப்பர் எந்தச் சுரங்கத்திலும் இறங்க வேண்டியதில்லை. வாடகை வருகிறது, அப்பாவின் தோட்டத்திலிருந்தோ பங்கிலிருந்தோ பணம் வருகிறது. அவர் கனவானாக இருக்கலாம்.

ஆலைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிய வேண்டும் என்று 1850-இல் ஒரு சட்டம் வந்தது. முதலில் நெசவாலைகளுக்கு, போகப் போக மற்றவற்றுக்கும். இன்றைக்கும் இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்குகிற வழக்கம் அந்த அரைநாள் விடுமுறையிலிருந்து வந்தது. வெளியூர் போய் ஆட வேண்டுமென்றால் காலை ஷிப்டையே விட வேண்டும். ஷிப்டு போனால் கூலி போகும். அந்தக் கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் சண்டையே. பிரெஸ்டன் அணி ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுப்பதாக 1884-இல் லண்டன் அணி ஒன்று புகார் கொடுத்தது. பிரெஸ்டனை நடத்திய வில்லியம் சடல், ஆமாம், எல்லாரும்தான் கொடுக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். கோப்பைப் போட்டியிலிருந்து பிரெஸ்டனைத் தள்ளினார்கள், ஆனால் அடுத்த வருடம் 1885-இல் காசு கொடுப்பதைச் சட்டமாக்க வேண்டி வந்தது. ரக்பியில் அந்த விவேகமும் இல்லை. இழந்த கூலியைக் கொடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததால் 1895-இல் வடக்கு இங்கிலாந்தின் அணிகள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியாகவே பிரிந்து போய்விட்டன.

காசு வாங்கும் அணிகளோடு மோதி ஜெயிக்க முடியாத கனவான்களுக்காக 1893-94-இல், காசு வாங்காமல் ஆடுகிறவர்களுக்கு மட்டும் என்று ‘அமெச்சூர் கோப்பை’ என்று ஒரு போட்டியை உண்டாக்கினார்கள். முதல் வருடம் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் பழைய மாணவர்கள் வென்றார்கள். மறு வருடமே வடக்கத்தி அணியான மிடில்ஸ்பரோ அதே பழைய மாணவர்களைத் தோற்கடித்தது. அதற்கடுத்த வருடம் உங்கள் பிஷப் ஆக்லண்ட். அவர்கள் சட்டையின் இரண்டு நீலமும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜிலிருந்து ஆயர் மாளிகைக்கு இறையியல் படிக்க வந்த மாணவர்கள் விட்டுப்போனவை. நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்தை உள்ளூர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பத்து முறை அந்தக் கோப்பையை வென்றார்கள். வேறு எந்த அணியும் அந்தக் கணக்கின் பக்கத்தில் வரவில்லை.

இதையெல்லாம் நீங்கள் எழுதுவீர்கள், நன்றாகவே எழுதுவீர்கள். 1954 இறுதி ஆட்டத்தை எழுதும்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கவலை. பிஷப் ஆக்லண்டும் குரூக்கும் வெம்ப்லியில் மோதியதைப் பார்க்க 1 லட்சம் பேர். 2-2. மறு ஆட்டம் நியூகாஸிலில், அதுவும் 2-2. மூன்றாவது மிடில்ஸ்பரோவில், குரூக் 1-0. மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூட்டம். ‘பாருங்கள், காசே வாங்காமல்’ என்று இந்த இடத்தில் உருகுவீர்கள். டிக்கெட் இனாமாகவா கொடுத்தார்கள் தம்பி? 2 லட்சம் பேர் காசு கொடுத்துத்தான் உள்ளே வந்தார்கள். சோடா விற்றவனுக்குக் காசு, ரயில் கம்பெனிக்குக் காசு, மைதானத்துக்காரனுக்குக் காசு, சங்கத்துக்குக் காசு, செய்தி போட்ட பத்திரிகைக்குக் காசு. மைதானத்தில் ஓடிய இருபத்திரண்டு பேர் மட்டும் தூய்மையாக இருக்க வேண்டும். இந்தத் தூய்மையை எங்கள் தோட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் அவர்கள் பூட்ஸுக்குள் காசு வைத்தார்கள். ஆட்டம் முடிந்து குளித்துவிட்டு வந்தால் பூட்ஸுக்குள் ஏதோ கிணுங்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பயணச் செலவு என்று எழுதுவார்கள், பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவனுக்கும் பயணச் செலவு. ஊரே அறிந்த ரகசியம். 1920களின் கடைசியில் குரூக் அணி காசு கொடுக்கிறது என்று விவகாரம் கிளம்பி, விசாரணை குரூக்கோடு நிற்காமல் மாவட்டம் முழுக்கப் பரவி, கடைசியில் டர்ஹாம் கால்பந்துச் சங்கம் 341 ஆட்டக்காரர்களை இடைநீக்கம் செய்தது. 341 பேர்! எந்தக் காலத்தில்? 1926-இல் சுரங்க முதலாளிகள் ஏழு மாதம் கதவடைத்து, கூலியைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி, பட்டினி போட்டுப் பணிய வைத்ததற்கு அடுத்த ஓரிரு வருடங்களில். வீட்டில் அடுப்பு எரியாத நேரத்தில் பூட்ஸுக்குள் கிடந்த சில ஷில்லிங்கை எடுத்துக்கொண்டதுதான் குற்றம். உங்கள் தலைப்பை அந்த 341 பேரின் பேரப்பிள்ளைகள் முன்னால் படித்துக்காட்டிப் பாருங்கள். மரியாதையான ஊர், டீ கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

அப்பா எங்கள் தோட்டத்து டீமில் ஆடினார். பிரட்டுக்களத்துக்குக் கீழே, ஒரு பக்கம் சரிந்த தரை. கீழ்ப்பக்கம் பந்து போனால் ஓடையில்தான் போய் எடுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு பந்தயம் என்றால் துரை ஒரு கப் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குச் சனிக்கிழமை மத்தியானமே மலையிறங்கி நடந்தால்தான் போய்ச் சேர முடியும். காலையில் வேலைக்குப் போய்விட்டு இடையில் கிளம்பினால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார். துரை கொடுக்கும் கப்புக்காக, துரை தோட்டத்தின் பெயருக்காக ஆடப் போகிறவனுக்கு, துரையின் செக்ரோலில், அதாவது கூலிக் கணக்குப் புத்தகத்தில், அரைநாள் கூலி. அம்மா ஏசுவாள். “ஒங்க பந்து அரிசி கொண்டாருமா?” என்பாள். அப்பா பதில் சொல்லாமல் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்புவார். எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு பூட்ஸே கிடையாது. உள்ளே காசு வைக்க எங்கே?

ஒரு பந்தயத்தில் அப்பாவின் முழங்கால் திரும்பிவிட்டது. அந்த ஆட்டத்தில் ஜெயித்ததும் நாங்கள்தான். தோளில் தூக்கிக்கொண்டு வந்து லயத்து வாசலில் இறக்கினார்கள், தப்பு அடித்து ஊர்வலம்கூட நடந்தது. அப்புறம் அவர் எழுந்து மலைக்குப் போகப் பல வாரம் ஆனது. பேர் விழவில்லை, கூலியும் இல்லை. கப்பைப் பங்களாவில் கொண்டுபோய் வைத்தார்கள். முழங்காலை எங்கள் காம்பராவில் வைத்துக்கொண்டோம். அந்தக் கப்பை நான் கண்ணால் பார்த்ததில்லை, பங்களாவுக்குள் நாங்கள் போக முடியாதே. வெஸ்ட் ஆக்லண்ட்காரர்களிடம் அடகு வைப்பதற்காவது ஒரு கோப்பை இருந்தது என்று நினைத்துக்கொண்டேன், அந்த 40 பவுண்டு விஷயத்தைப் படித்தபோது.

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பம் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. 1964-இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்ட ஒப்பந்தம். தலைமன்னாரிலிருந்து கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. மறுபடி தேயிலைதான். கூடலூர் பக்கம் வந்தபிறகு அண்ணனுக்கு நல்ல காலம் பிறந்தது. அங்கே கேரளத்துக் காற்று, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயம். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் வேலி கட்டி, டிக்கெட் போட்டு ஆட்டம். அண்ணனைப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஜீப் வைத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் கை குலுக்குகிற மாதிரி மடித்த நோட்டை உள்ளங்கையில் வைப்பார். பரோட்டா வேறு. வீட்டுக்கு வந்து நோட்டை அம்மாவிடம் கொடுப்பான். நான் பத்தாம் வகுப்பில் வைத்திருந்த ஜியாமெட்ரி பாக்ஸ் அந்தக் காசில் வாங்கியது. அந்தக் காசால் அவன் ஆட்டம் கெட்டுப்போனதாக ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அவன் ஜெர்சியைத் தனியாகத் துவைத்துக் காயப்போட்டாள், அப்பாவுக்கு அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

சம்பளம் கொடுத்தால் ஆட்டத்தில் பாசம் போய்விடும் என்று சொல்பவர்கள் டாக்டருக்குச் சம்பளம் கொடுத்தால் வைத்தியத்தில் கருணை போய்விடும் என்று சொல்வார்களா? நீங்கள் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். கோவிட் நேரத்தில் உங்கள் ஊரில் வாசலில் நின்று கைதட்டினார்களே, மாதக் கடைசியில் அந்தக் கைதட்டலை வைத்து வாடகை கட்டினீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரிகிறது. குளிரில் நின்று, பேர் தெரியாத ஆட்களின் ஆட்டத்தைப் பார்த்து, அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆள் நீங்கள். அப்படிப்பட்டவர் முதலாளியின் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து தலைப்பாக வைக்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

காசே வாங்காமல் பெரிய இடத்தில் ஆட முடிந்தவர்கள் இருந்தார்கள். சீமஸ் ஓ’கானல் பிஷப் ஆக்லண்டின் அமெச்சூர். 1954 அக்டோபரில் செல்சி அணிக்கு முதல் ஆட்டம் ஆடியபோது மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல் போட்டார், செல்சி 5-6 என்று தோற்றது வேறு கதை. அந்தப் பருவத்தில் செல்சியோடு லீக் பட்டமும் பிஷப் ஆக்லண்டோடு அமெச்சூர் கோப்பையும். அப்புறம் மாட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். குடும்பத்துக்கு மாட்டு வியாபாரம் இருந்தது, அதனால் முடிந்தது. 1958-இல் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் பாதி அணியை இழந்து நின்றபோது, பிஷப் ஆக்லண்டிலிருந்து ஹார்டிஸ்டி, லெவின், பிராட்லி மூன்று பேர் உதவிக்குப் போனார்கள். அதைக் கட்டாயம் ஒரு முழு அத்தியாயமாக எழுதுங்கள், எனக்கே படிக்க ஆசை. பிராட்லி பள்ளி ஆசிரியர் என்பதையும் எழுதுங்கள். யாருக்கு வேறு சம்பளம் வந்தது என்று ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் எழுதிக்கொண்டே வாருங்கள், தூய்மைக்குக் கணக்கு தானாகத் தெரியும்.

குரூக்கில் பிறந்த ஜாக் கிரீன்வெல் 1909-இல் வெஸ்ட் ஆக்லண்டுக்காக விருந்தாளியாக டூரினில் ஆடினார். பிறகு பார்சிலோனா போய் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகி, 1939-இல் பெரு நாட்டுக்குத் தென்னமெரிக்கப் பட்டமும் வாங்கிக் கொடுத்தார். காசு வாங்கித்தான்.

இன்னொன்று. உங்கள் கடிதம் முழுக்க ஒரு பெண் இல்லை. முதல் உலகப்போரில் அதே வடகிழக்கில் வெடிமருந்து வேலைக்குப் போன பெண்கள் அணி அணியாகக் கால்பந்து ஆடினார்கள். பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் பெண்கள் அணியில் பெல்லா ரே என்று ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள், ஒரே பருவத்தில் 133 கோல். 1918 மே மாதம் மிடில்ஸ்பரோவில் நடந்த வெடிமருந்துத் தொழிலாளிப் பெண்கள் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் 5-0 என்று வென்றார்கள். வசூல் முழுக்கப் போரில் அடிபட்டவர்களுக்கும் அநாதைகளுக்கும். நீங்கள் தேடுகிற தூய்மை இங்கே இருந்தது. அதற்கு என்ன மரியாதை கிடைத்தது? 1921 டிசம்பர் 5 அன்று கால்பந்துச் சங்கம் இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று தீர்மானம் போட்டு மைதானங்களை மூடியது. அதே தீர்மானத்தில், வசூலில் அளவுக்கு மீறிச் செலவுக்குப் போகிறது என்றும் ஒரு குற்றச்சாட்டு. செலவு என்றால் என்ன? ரயில் கட்டணமும் வேலைக்குப் போகாத நாளின் கூலியும். ஆண்களை எதைச் சொல்லி மடக்கினார்களோ அதையே சொல்லிப் பெண்களையும் மடக்கினார்கள். ஐம்பது வருடம் அந்தத் தடை நீடித்தது. நல்லவேளை, எங்கள் தோட்டத்தில் தடை போட வேண்டிய தேவையே வரவில்லை. பெண்களுக்குக் கூடை இறக்க நேரம் இல்லை.

1974-இல் கால்பந்துச் சங்கமே அமெச்சூர், புரொஃபஷனல் என்ற பிரிவினையைக் கைவிட்டது, அமெச்சூர் கோப்பையும் அத்தோடு முடிந்தது. ஜெயித்தால் மேல் லீகுக்கு ஏறும், தோற்றால் இறங்கும் பெரிய படிக்கட்டு அமைப்பில் சேர மறுத்து நார்தர்ன் லீக் 1991 வரை தனியாக நின்றது, அதனால் கீழே போனது. 2009-இலிருந்து 2013 வரை ஐந்து வருடம் தொடர்ந்து, சிறிய அணிகளுக்கான வாஸ் கோப்பை அந்த லீக் அணிகளுக்கே வந்தது. இந்த வெற்றி தோல்விக் கணக்கெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், நீட்ட வேண்டாம். 1951-இல் டர்ஹாம் மாவட்ட நிர்வாகம் 114 சுரங்கக் கிராமங்களை ‘டி’ வகை என்று ஒதுக்கி, இனி இவற்றில் பணம் போடப் போவதில்லை, தானாக அழியட்டும் என்று திட்டம் தீட்டியதே, அதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் நின்று எழுதுங்கள். ஊர்களைப் பேனாவால் பிரித்து எழுதுவது எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் சந்தேகம் பாக்கி இருக்கிறது. ஆண்டு வரிசையா, அணிவாரியா? ஆண்டு வரிசையிலேயே எழுதுங்கள், ஆனால் 1889-இல் தொடங்காதீர்கள். அந்த 341 பேரில் தொடங்குங்கள். மாவட்ட ஆவணக் காப்பகத்திலோ அந்தக் காலப் பத்திரிகைகளிலோ பெயர்கள் அச்சாகியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நகல் எடுக்கக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிட்டு ரசீதை எனக்கு அனுப்புங்கள். பஸ் டிக்கெட்டையும் சேர்த்து அனுப்புங்கள், நடந்தே போயிருந்தாலும் சரி.

அன்புடன்,
அக்கா